எழுத்தாக அனுப்புங்கள், எல்லோரிடமும் போய்ச் சேரும்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்திலுள்ள ஒரு கலைக் கல்லூரியில் பொருளியல் கற்பிக்கும் கௌரவ விரிவுரையாளர் நான். கட்டடப் பராமரிப்பு வேலை நடப்பதால் இந்தப் பருவத்தின் பாதி வகுப்புகளை இணைய வழியில் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். என் வகுப்பில் ஒரு மாணவிக்கு முற்றிலும் பார்வை இல்லை. ஒரு மாணவருக்குக் காது சரியாகக் கேட்காது. பேச்சிப்பாறைக்கு மேலே மலைக் குடியிருப்புகளிலிருந்து வரும் மூவருக்கு வீட்டில் சிக்னல் கிடையாது. களியக்காவிளைப் பக்கம் மலையாள வழியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வந்த சிலர் தமிழை மெதுவாகத்தான் வாசிப்பார்கள். கையால் எழுதிய குறிப்புகளைப் படம் பிடித்து, பிடிஎப் ஆக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். மாலையில் கூகுள் மீட்டில் வகுப்பு எடுக்கிறேன். "போன் ஒன்றையும் வாசிக்கவில்லை மிஸ்" என்று அந்த மாணவி சொன்னது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "ஒருவர் இருவருக்காக எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தால் பாடத்தை எப்போது முடிப்பது?" என்கிறார் உடன் பணிபுரிபவர். எங்கே தொடங்குவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். நான்கு வகை மாணவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான்கு வகைப் பாடம் தயாரிக்க வேண்டுமோ என்ற மலைப்பு உங்கள் வரிகளில் தெரிகிறது. அப்படி மலைக்க வேண்டியதில்லை. பாடப்பொருள்களை எல்லா மாணவர்களுக்கும் எட்டும்படி மாற்றித் தருவதே என் தொழில் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்: உங்கள் வகுப்பின் சிக்கல்களில் பெரும்பகுதி ஒரே முடிச்சில் இருக்கிறது. பாடம் இப்போது படமாகப் போகிறது. அதை எழுத்தாக அனுப்பத் தொடங்குங்கள். யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளும் தமிழைத் தமிழாகவே புரிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டு முறையில், ஒழுங்காகத் தட்டச்சு செய்த ஒரு கோப்பு கையில் இருந்தால் ஒலிப்பதிவு, அச்சுப்படி, பெரிய எழுத்துப் படி, பிரெயில் எதை வேண்டுமானாலும் அதிலிருந்து எடுக்கலாம். கையெழுத்தைப் பிடித்த படத்திலிருந்து இப்படி எடுக்க முடியாது.

அந்த மாணவியின் கைபேசியில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். திரையில் உள்ள எழுத்துகளைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்கிறோம். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் டாக்பேக் என்ற பெயரில் அது கூடவே வருகிறது. விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் அது. இரண்டிலும் தமிழை வாசிக்க வைக்கலாம். ஆனால் உங்கள் கையெழுத்துப் பக்கம் திரைவாசிப்பானுக்கு வெறும் படம். பக்க எண்ணைச் சொல்லிவிட்டு அது பேசாமல் நின்றுவிடும். மாணவி சொன்னது அதைத்தான்.

எந்தக் கோப்பை அனுப்பும் முன்பும் ஒரு சோதனை செய்து பாருங்கள். கோப்பைத் திறந்து ஒரு பத்தியை விரலால் அழுத்தித் தேர்ந்தெடுங்கள். அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளுங்கள். எழுத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது படம். தேர்ந்தெடுக்க முடிந்தும், ஒட்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வந்தால் அது பழைய எழுத்துரு. தமிழாகவே வந்து, கொம்பும் காலும் மட்டும் இடம் மாறி, 'கொ' என்பது சிதறிக் கிடந்தால் பிடிஎப் ஆக்கும்போது வரிசை குலைந்திருக்கிறது. இந்த மூன்று வகைக் கோப்புகளையும் அந்த மாணவியால் வாசிக்க முடியாது. ஒட்டிய இடத்தில் எழுதியது எழுதியபடி வந்தால் மட்டும் அனுப்புங்கள்.

பழைய எழுத்துரு விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம் கல்லூரிகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் தட்டச்சு செய்து தருபவர்கள் பலர் இன்றும் பாமினியிலோ வானவில்லிலோதான் அடித்துத் தருகிறார்கள். அச்செடுத்தால் அழகாக இருக்கிறது. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் பாமினியில் 'அம்மா' என்று தெரிவதற்குப் பின்னால் இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள். திரைவாசிப்பான் அவற்றைத்தான் ஒப்பிக்கும். பக்கம் முழுவதும் இப்படி வந்தால் கேட்பவருக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அப்படியிருந்தும் பார்வையற்ற மாணவர்களிடம் போய்ச் சேரும் தமிழ்க் கோப்புகள் பழைய எழுத்துருவில் வந்துகொண்டிருப்பது எனக்குத் தீராத வருத்தம். துறையில் ஏற்கெனவே அப்படிப்பட்ட கோப்புகள் இருந்தால் மறுபடி அடிக்க வேண்டாம். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் போட்டால் சில நிமிடங்களில் யூனிகோடாகிவிடும். வரிசை குலையும் மூன்றாவது வகைக்கு மருந்து இன்னும் எளிது. பிடிஎப் ஆக்காமல் வேர்டு கோப்பாகவே அனுப்பிவிடுங்கள்.

"இத்தனை பக்கத்தையும் யார் தட்டச்சு செய்வது?" என்று கேட்பீர்கள். கௌரவ விரிவுரையாளர் ஒருவர் எவ்வளவு குறைந்த ஊதியத்தில் எத்தனை வகுப்புகளைச் சுமக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அதனால் தட்டச்சே வேண்டாத ஒரு வழியைச் சொல்கிறேன். கணினியில் கூகுள் டாக்ஸைத் திறந்து குரல்வழித் தட்டச்சில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். கைபேசி விசைப்பலகையிலும் மைக் குறியை அழுத்தி இதையே செய்யலாம். குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாக வாசியுங்கள். பக்கத்தில் இன்னொரு கைபேசியில் ஒலிப்பதிவை ஓட விடுங்கள். ஒரே வாசிப்பில் எழுத்துக் கோப்பும் குரல் பதிவும் கிடைத்துவிடும். நம் மாவட்டத்துப் பேச்சை அந்த மென்பொருள் சரியாகப் பிடிக்காது. எழுத்துத் தமிழில் சொல் சொல்லாக வாசித்தால் நன்றாகவே வரும். றகர ரகரப் பிழைகள், சேர்த்து எழுத வேண்டியவை பிரிந்து நிற்பது, விடுபட்ட நிறுத்தக்குறிகள் ஆகியவற்றைப் பிறகு உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கும். கலைச்சொற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மற்றதில் சிறு பிழை இருந்தாலும் பாதகமில்லை.

கடந்த வாரங்களில் அனுப்பிய குறிப்புகளை எல்லாம் மாற்ற இப்போது இறங்காதீர்கள். அடுத்த அலகிலிருந்து தொடங்குங்கள். அச்சிட்ட பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தால் அவற்றைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் படத்திலுள்ள தமிழ் எழுத்தாக மாறி வரும். கையெழுத்துக்கு இந்த வழியை நம்ப முடியாது.

கோப்பு எழுத்தானதும் இன்னொரு பழக்கம் வேண்டும். தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கண்ணுக்கு அது போதும். திரைவாசிப்பானுக்கு அது தலைப்பு என்று தெரியாது. வேர்டிலோ டாக்ஸிலோ 'ஹெட்டிங்' என்ற பாணியைத் தேர்ந்தெடுத்தால்தான் தெரியும். அப்படிச் செய்த கோப்பில் என்விடிஏ பயன்படுத்தும் மாணவி எச் விசையை அழுத்தி அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவிப் போகலாம். இல்லாவிட்டால் பத்தொன்பதாம் பக்கத்திலுள்ள ஒரு வரைவிலக்கணத்துக்காக முதல் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும். தேர்வுக்கு முந்தைய இரவில் அது எவ்வளவு பெரிய கொடுமை! அட்டவணைகளில் கட்டங்களை ஒன்றோடொன்று இணைக்காதீர்கள். மேல் வரிசையில் தலைப்பு, கீழே எண்கள் என்று எளிமையாக இருக்கட்டும்.

இனி, உங்கள் பாடத்தின் உயிரான வரைபடங்கள். பொருளியல் ஆசிரியர்கள் பெரும்பாலோர் இங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள்: "தேவைக்கோட்டைப் பார்வையற்றவருக்கு எப்படிக் காட்டுவது?" காட்ட முடியாதுதான், சொல்ல முடியும். 'படம் 3: தேவைக்கோடு' என்று மட்டும் எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. நானாக இருந்தால் தோவாளைப் பூச்சந்தையை எடுத்துக்கொண்டு இப்படி எழுதுவேன். எண்கள் பாடத்துக்காக நான் வைத்துக்கொண்டவை:

"செங்குத்து அச்சில் ஒரு கிலோ பிச்சிப்பூவின் விலை. கிடை அச்சில் ஒரு நாளில் வாங்கப்படும் அளவு. விலை 400 ரூபாயாக இருக்கும்போது 100 கிலோ வாங்குகிறார்கள். 600 ரூபாயானால் 80 கிலோ. 800 ரூபாயானால் 60 கிலோ. 1000 ரூபாயானால் 40 கிலோ. இந்த நான்கு புள்ளிகளையும் இணைத்தால் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரியும் ஒரு நேர்க்கோடு கிடைக்கும். விலை ஏற ஏற வாங்கும் அளவு குறைவதையே இந்தச் சரிவு சொல்கிறது. ஓணத்துக்கு முன்பு கேரள வியாபாரிகள் திரளும்போது அதே 600 ரூபாய்க்கு 140 கிலோ கேட்கிறார்கள். மற்ற விலைகளிலும் முன்பைவிட 60 கிலோ கூடுதலாகக் கேட்கிறார்கள். இப்போது கோட்டின் சரிவு மாறவில்லை. கோடு முழுவதும் வலப்பக்கமாக நகர்ந்திருக்கிறது."

இந்தப் பத்தியைக் கேட்ட மாணவி கோட்டின் மேலேயே நகர்வதற்கும் கோடே இடம் மாறுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிடித்துக்கொள்வார். தேர்வில் கேட்கப்படுவதும் அதுதான். பார்வையுள்ள மாணவர்களில் எத்தனையோ பேர் இந்தப் படத்தைக் கச்சிதமாக வரைந்துவிட்டு, கோடு ஏன் வலப்பக்கம் போனது என்று கேட்டால் விழிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களும் இந்தப் பத்தியை வாசிக்கட்டும். ஒரு வரைபடத்துக்கு விளக்கம் எழுதும்போது அந்தப் படத்தை எதற்காகப் பாடத்தில் வைத்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் அனுபவத்தில் விளக்கம் எழுதத் தொடங்கிய ஆசிரியர்களின் வகுப்பே தெளிவடைந்திருக்கிறது.

அலகுக்கு ஒரு படத்தையாவது தொட்டுப் பார்க்கும்படி செய்து கொடுங்கள். பெரிய செலவில்லை. தடித்த அட்டையில் இரண்டு தென்னை ஈர்க்குகளை அச்சுகளாக ஒட்டுங்கள். தேவைக்கோட்டுக்குத் தடித்த சணல், அளிப்புக்கோட்டுக்கு மெல்லிய நூல், இரண்டும் வெட்டும் சமநிலைப் புள்ளியில் ஒரு சட்டைப் பொத்தான். கல்லூரி திறந்திருக்கும் நாளில் கையில் கொடுத்துவிடலாம். ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டால் அதன் பிறகு வரும் வரைபடங்களை வாய்ச்சொல்லிலேயே பின்தொடர முடியும். வகுப்பில் 'சிவப்புக் கோட்டைப் பாருங்கள்' என்று நிறத்தை மட்டும் சொல்வதையும் விட்டுவிடுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத மாணவர் ஒருவராவது உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும்; அவரே அதை அறியாமலும் இருக்கலாம்.

காது கேட்காத மாணவருக்கு வருகிறேன். அவருக்கு மீட் வகுப்பு பெரும் சோதனை. வகுப்பறையில் உங்கள் உதடுகளையும் முகத்தையும் பார்த்து அவர் ஊகித்துக்கொண்டிருந்திருப்பார். சிறு சதுரத்துக்குள், சன்னல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நீங்கள் உட்கார்ந்திருந்தால் அந்த ஊகமும் போய்விடும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். மற்றவர்களின் மைக்கை அடைத்து வையுங்கள். பேசப்போகும் பாடத்தின் எழுத்துக் கோப்பை வகுப்புக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். முந்தைய நாளே கையில் கிடைத்தால் அவர் படித்துவிட்டு வருவார், வகுப்பில் பின்தொடர்வது எளிதாகும். மற்ற மாணவர்கள் கேட்கும் கேள்விகளை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு, உரையாடல் பெட்டியில் எழுதியும் விடுங்கள். கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழ்ப் பேச்சை அப்போதைக்கப்போது எழுத்தாக்கிக் காட்டும். தவறுகள் வரும், அதை மட்டும் நம்பியிருக்க முடியாது, கூடவே வைத்துக்கொள்ளலாம். அவருக்குச் சைகை மொழி தெரியும் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். செவித்திறன் குறைந்தவர்களில் சிலர் சைகையில் வளர்ந்தவர்கள், சிலர் கருவியின் துணையோடு பேச்சில் வளர்ந்தவர்கள். அவரிடமே கேளுங்கள்.

மலைப்பகுதி மாணவர்களைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது, உங்கள் மீதல்ல. மோதிரமலை, குற்றியாறு, கோதையாறு பகுதிகளின் பிள்ளைகளை நேரலை வகுப்பில் வருகை தரவில்லை என்று பதிவேட்டில் குறிப்பதை ஒரு நடைமுறையாகவே ஏற்றுக்கொண்டுவிட்டோம். நேரலை கட்டாயம் என்ற விதியை முதலில் தளர்த்துங்கள். வருகைக்கு நேரலை ஒரு வழி. அந்த வாரப் பாடத்திலிருந்து ஐந்து வரி எழுதி அனுப்புவது இன்னொரு வழி என்று வையுங்கள். மழைக்காலத்தில் இன்னொன்றும் நடக்கிறது. மழை வலுத்தால் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக முடியாது. வகுப்புகள் இணையத்துக்கு மாறும் அதே நாட்களில்தான் இந்த வீடுகளில் கூலி நின்று, ரீசார்ஜுக்குப் பணம் இல்லாமல் போகிறது. தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை மாணவர் எவரேனும் உங்கள் வகுப்பில் இருந்தால், வீட்டிலிருக்கும் ஒரே கைபேசி அப்பாவோடு ஆழ்கடலுக்குப் போய்விடுகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

இங்கேயும் எழுத்துக் கோப்புதான் கைகொடுக்கும். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் செலவாகும். பக்கத்துக்கு 1,500 குறிகள் என்று வைத்துக்கொண்டால் 20 பக்கப் பாடம் 90 கே.பி. அதே 20 பக்கத்தைப் படம் பிடித்துப் பிடிஎப் ஆக்கினால் எளிதில் 10, 15 எம்.பி. ஆகிவிடும். நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு. குரல் பதிவும் அப்படித்தான்: வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவு செய்தால் ஒரு மணி நேரப் பேச்சு பத்துப் பதினைந்து எம்.பி.க்குள் அடங்கும், அதே நேரத்துக்குக் காணொளி நூற்றுக்கணக்கான எம்.பி.யை விழுங்கும். ஒரு வாரத்துக்கான கோப்பையும் பத்துப் பத்து நிமிடக் குரல் பதிவுகளையும் ஞாயிற்றுக்கிழமையே மொத்தமாக அனுப்பிவிடுங்கள். கோப்புகளின் பெயரில் அலகு எண்ணும் வரிசை எண்ணும் இருக்கட்டும். குலசேகரத்துக்குச் சாமான் வாங்க வரும் நாளில் அவர்கள் ஒரே தடவையில் இறக்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் வேண்டிய நேரத்தில் படிப்பார்கள். கைபேசியே இல்லாதவருக்கு அச்சுப்படி கொடுத்துவிடுங்கள். எழுத்துக் கோப்பாக இருப்பதால் பக்கங்களும் குறையும், ஜெராக்ஸ் செலவும் குறையும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு நம் மாவட்டத்தில் எத்தனை ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன என்பதை நாம் மறக்கவில்லை. அப்படியொரு வாரத்திலும் தாள் வாசிக்கக் கிடைக்கும்.

மலையாள வழியில் படித்தவர்களுக்கு நீங்கள் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். அவர்கள் தமிழைக் கேட்டால் புரிந்துகொள்கிறார்கள்; வாசிப்பில்தான் வேகம் இல்லை. குரல் பதிவைக் கேட்டுக்கொண்டே கோப்பில் கண்ணை ஓட்டட்டும். சில வாரங்களில் வாசிப்பு வேகம் கூடும். கலைச்சொற்களுக்கு மட்டும் ஒரு பக்கப் பட்டியல் கொடுங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இருக்கட்டும், மலையாளச் சொல்லை அவர்களையே எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் நான் ஊகித்து எழுதியவை. உங்கள் மாணவர்களைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் முன்னிலையிலும், "யாருக்கெல்லாம் குறை இருக்கிறது?" என்று கேட்டுவிட வேண்டாம், தனித்தனியாக, எல்லா மாணவர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். பாடம் எந்த வடிவில் வந்தால் உங்களுக்கு எளிது? கைபேசி உங்களுடையதா, வீட்டுக்குப் பொதுவா? எந்த நேரத்தில் கையில் இருக்கும்? நான் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஏதாவது உண்டா? சொல்லத் தயங்குபவர்கள் இருப்பார்கள். எழுத்துகள் கலங்கித் தெரிவதாக, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க நேர்வதாக யாராவது சொன்னால் அதற்குச் சான்றிதழ் கேட்காதீர்கள். சலுகைத் தொகைக்கும் தேர்வு விதிகளுக்கும் சான்றிதழ் தேவைப்படலாம். வேர்டு கோப்பு அனுப்பச் சான்றிதழ் எதற்கு?

உங்கள் சக ஆசிரியரின் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. சட்டம் சொல்லும் பதில் முதலாவது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் நிறைவேறி 2017இல் நடைமுறைக்கு வந்தது. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் ஒவ்வொரு மாணவரின் தேவைக்கேற்பவும் நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்கிறது அது. ஒலி, அச்சு, மின்னணு வடிவிலுள்ள உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2022இல் உயர்கல்வி நிறுவனங்களுக்கென அணுகல்தன்மை வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது. அந்த மாணவி உங்களிடம் கேட்டது தயவல்ல, அவருக்கு உரியது. இரண்டாவது பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒருவர் இருவர் என்கிறார் அவர். நீங்கள் எழுதியவர்களை எண்ணிப் பார்த்தால் இப்போதைய முறையால் பாடம் எட்டாதவர்கள் ஏழெட்டுப் பேராவது வருகிறார்கள். அந்தச் சகாவிடம் கோபப்படாமல், அவருடைய கைபேசியில் டாக்பேக்கை இயக்கி, அவருடைய குறிப்பு ஒன்றையே கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கைபேசிகளில் ஒலியைக் கூட்டும் குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் மூன்று விநாடி சேர்த்து அழுத்தினால் டாக்பேக் நின்றுவிடும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பதறிப்போவார்.

பாடநூல்களைப் பற்றி ஒரு ஐயம் எழும்: பதிப்பாளரின் நூலை ஸ்கேன் செய்து எழுத்தாக்கி மாணவிக்குக் கொடுப்பது பதிப்புரிமைக் குற்றமா? குற்றமல்ல. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், மாற்றுத்திறனாளிகளுக்காக நூல்களை அணுகத்தக்க வடிவில் மாற்றி, லாப நோக்கின்றி அவர்களுக்கு வழங்க அனுமதிக்கிறது. பார்வையற்றோருக்கான நூல்களை நாடுகளிடையே பகிர வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் முதலில் ஒப்புதல் அளித்த நாடும் இந்தியாதான். மாற்றிய கோப்பை வகுப்புக் குழுவில் பொதுவாகப் போடாமல் தேவைப்படுபவருக்கு மட்டும் கொடுங்கள். 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் அந்த மாணவியைச் சேரச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாற்றப்பட்ட நூல்கள் பல அதில் கிடைக்கின்றன. தமிழ்ப் பாடத்துக்கான சங்க நூல்களும் காப்பியங்களும் 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் எழுத்து வடிவிலேயே இருக்கின்றன. திரைவாசிப்பான் தடையின்றி வாசிக்கும். இதைத் தமிழ்த் துறைக்கும் சொல்லிவிடுங்கள்.

தேர்வைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. பாடம் எழுத்தாக வந்து, வினாத்தாள் மட்டும் படமாக வந்துவிடும் நிலையைப் பல கல்லூரிகளில் பார்த்திருக்கிறேன் என்பதால் நானே சொல்கிறேன். அகமதிப்பீட்டுத் தேர்வுக்கான வினாத்தாளும் அதே வேர்டு கோப்பாக இருக்க வேண்டும். வரைபடம் வரைக என்ற வினாவுக்கு மாற்றாக வரைபடத்தை விவரிக்க என்ற வினா இருக்க வேண்டும். கணினியில் தானே தட்டச்சு செய்து விடையளிக்க விரும்புகிறாரா, சொல்வதை எழுத ஒருவர் வேண்டுமா என்பது மாணவியின் விருப்பம். மத்திய அரசின் எழுத்துத் தேர்வு வழிகாட்டுதல்களின்படி தேர்வின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாக வழங்க வேண்டும். இணையவழி வினாடி வினாக்களில் நேரக் கணக்கு தானாக ஓடி முடிந்துவிடும் என்பதால் அவருக்கு மட்டும் நேரத்தை முன்கூட்டியே நீட்டி வையுங்கள். இவற்றையெல்லாம் தேர்வு அறைக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருக்க முடியாது. இந்த வாரமே துறைத் தலைவருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த அலகைத் தட்டச்சு செய்து முடித்ததும், வரைபட விளக்கங்களோடு எனக்கு அனுப்பி வையுங்கள். திரைவாசிப்பானில் ஓட்டிப் பார்த்து, தடுக்கும் இடங்களைக் குறித்துத் தருகிறேன். ஆனால் என்னிடம் அனுப்பும் முன்பு அந்த மாணவியிடம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். எங்கே தடுக்கிறது என்பதை என்னைவிட அவர் நன்றாகச் சொல்வார்.